இயக்கம் உள்ளே

என் கழுத்தில் தையல் வெட்டி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கழலை ஒப்பரேஷன். எல்லாம் நல்லபடி முடிந்தது, குரல் திரும்ப மட்டும் ஒரு மாதம் எடுக்கும், அதுவரை கதைத்தால் காற்றுத்தான் வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் வாய்க்குப் பயந்து நடந்தவர் என் கணவர். "ஒரு மாசம்தானே, ஆறுதலா இரும்" என்று அவர் சொன்னபோது முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த ஒப்பரேஷனுக்காகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்திருந்தோம். சண்டைக் காலம். எங்கள் பக்கம் ரயில் நின்று பல வருடம். கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து பஸ், வழி நெடுக இறக்கி ஏற்றிச் சோதனை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கையில் லொட்ஜ் எடுத்தோம். வந்த அன்றே பொலிசில் பெயர் பதிந்தோம்: எந்த ஊர், என்ன காரணம், எப்போது திரும்புவீர்கள். அந்தப் பதிவுத் துண்டையும் அடையாள அட்டையையும் கக்கூசுக்குப் போகும்போதுகூடக் கையில் வைத்திருந்தவர்களை அந்த லொட்ஜில் பார்த்தேன். முதல் நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் நானும் அப்படித்தான் போனேன்.

பக்கத்து அறையில் ஒரு பெண் தனியாக இருந்தாள். அவளுடைய புருஷன் பாண் வாங்கக் காலி வீதிக் கடைக்குப் போனவர், பொலிஸ் பிடித்து ஏழு மாதமாகத் திரும்பவில்லை. சட்டைப் பையில் தாய் எழுதிய கடிதம் இருந்ததாம். மூன்று மாங்கன்று நட்டிருக்கிறோம், மழை வந்ததும் பிடித்துவிடும் என்று அதில் ஒரு வரி. அந்த மூன்று மாங்கன்றும் யார் யார், மழை என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சோற்றுப் பார்சலோடு சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்து உடனே உடுப்புத் தோய்ப்பாள்.

அதனால் லொட்ஜில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வெளியே போகும்போது தமிழில் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியும் மேலில் இருக்கக் கூடாது. மருந்துச் சீட்டுப் பரவாயில்லை, அது இங்கிலீஷ். இந்தச் சட்டத்தை நான் என் கணவருக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் காற்றாகச் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். முப்பது வருடம் அவர் தலையாட்டலை நம்பி நான் ஏமாந்ததுதான் மிச்சம்.

அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் எஞ்சின் படிப்பித்தவர். தமிழில் படிப்பித்தவர். அதில் அவருக்கு ஒரு திமிரே உண்டு. பிஸ்டன் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார், அது முசலம். முசலம் என்றால் உலக்கைதானே, உலக்கை என்றே சொல்லிவிட்டுப் போங்கோவன் என்று நான் பகிடி பண்ணுவேன். கோபம் வரும், ஆனால் சிரிப்பார். ஒரு சொல்லில் மட்டும் பகிடி இல்லை. எஞ்சினில் வால்வை முன்னும் பின்னும் அசைக்கிற தண்டுகள் ஒரு தொகுதியாக இருக்கும். இங்கிலீஷில் அதற்கு மோஷன் என்று பெயராம். அவர் அதை இயக்கம் என்று எழுதினார்.

எங்கள் மண்ணில் இயக்கம் என்றால் வேறு. துவக்குத் தூக்கிய பெடியளுக்குத்தான் அந்தப் பெயர். "இயக்கம் வந்தது", "இயக்கத்துக்குப் போயிட்டான்" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கொழும்பில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. "அவை" என்பார்கள், கண்ணைக் காட்டுவார்கள்.

"மோஷன் எண்டே எழுதினா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகும்?" என்று என் குரல் இருந்த காலத்தில் கேட்டிருக்கிறேன்.

"அந்தச் சொல் அவையின்ர சொத்தே? அவை பிறக்க முந்தியே அது எங்கட புத்தகத்தில இருக்கு. நான் ஏன் விட்டுக் குடுக்க வேணும்?"

"சொல்லைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு உள்ள போய் இருங்கோ. நான் பார்சல் கொண்டு வாறன்."

"உம்மட சமையல்தான் அங்க பெரிய தண்டனையா இருக்கும்."

இப்படித்தான் எங்கள் வீட்டில் அரசியல் பேசினோம்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. அதைப் பரிகசிக்க எனக்கும் மனம் வந்ததில்லை. அவரிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் ரயிலையே கண்டதில்லை. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. ஸ்டேஷனில் ஆட்கள் குடியிருந்தார்கள். அவர் கரும்பலகையில் சோக்கால் எஞ்சின் கீறுவார். பிறகு வலக்கையை மடித்து, முஷ்டியை முன்னுக்குத் தள்ளி, முழங்கையைக் கீழால் சுற்றி, பின்னுக்கு இழுத்து, திரும்பத் தள்ளிக் காட்டுவார். அந்தக் கைதான் அவர்களுடைய ரயில். வீட்டில் யோசனையாக இருக்கும்போதும் கை தன்பாட்டில் அப்படி ஓடும். அதைப் பார்த்து நான் சிரித்ததற்கு அளவில்லை.

மருதானைக்கு அப்பால் ஒரு பெரிய கொட்டகையில் பழைய நீராவி எஞ்சின்களைத் துடைத்து, பெயின்ற் அடித்து, வரிசையாக நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைப் பார்க்க விடுகிறார்களாம் என்று லொட்ஜ் மனேஜர் எந்த நேரத்தில் சொன்னாரோ, அன்றிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த என் தங்கை வீட்டுக்குக்கூடப் போக வேண்டாம் என்று அறைக்குள் அடைந்து கிடந்த மனிதர், எஞ்சின் பார்க்க மட்டும் போகலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். காற்று வந்தது. "ஓம், நீரும் வாரும்" என்றார். கேட்காதது மாதிரி நடிக்க அவருக்கு அந்த மாதம் சொல்லித் தரவே தேவையில்லை.

தனியாக விட எனக்குப் பயம். போனேன்.

வாசலில் மணல் மூட்டை அடுக்கி, ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. என் அடையாள அட்டையைப் பார்த்ததும் பொலிஸ்காரி என்னை மட்டும் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். கழுத்தில் சுற்றியிருந்த சால்வையை எடுக்கச் சொன்னாள். உள்ளே கட்டு இருந்தது. கழுத்தில் சயனைட் குப்பி தொங்குகிறதா என்று தேடுகிற விரல்களுக்கு, கழுத்தில் ஒரு கட்டுக் கிடைத்தால் எப்படி இருக்கும்! அவள் ஒரு அடி பின்னுக்குப் போய்விட்டாள். நான் பையைத் திறந்து கிளினிக் கோப்பை நீட்டினேன். மேலே இருந்த ஆஸ்பத்திரி அட்டையைப் படித்தாள். கட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். தையல் தழும்பைக் கண்டதும் அவள் முகம் மாறியது. "ரிதெனவத?" என்று கேட்டாள், நோகிறதா என்று. கோப்பை மேலும் கிளறாமல் பையில் வைத்துத் தந்தாள்.

அந்தக் கோப்பை அவள் இன்னும் மூன்று தாள் புரட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு, உயரம் அதிகம். எண்ணெயும் புதுப் பெயின்றும் மணத்தன. கறுப்பும் பச்சையும் சிவப்புமாக எஞ்சின்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. சில்லு ஒவ்வொன்றும் என் தலை உயரம். பிள்ளைகளைத் தூக்கிப் படியில் இருத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓவரோல் போட்ட நரைத்த மூத்த மெக்கானிக் ஒருவர், பாஸ் என்று கூப்பிட்டார்கள், கையில் துணியோடு எஞ்சின் எஞ்சினாகப் போய், பிள்ளைகள் விரல் வைத்த இடங்களைத் துடைத்துக்கொண்டு திரிந்தார். யாரோடும் அவர் சிரிக்கவில்லை.

என் கணவர் முதல் எஞ்சினுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "பையை ஒருக்கால் தாரும்" என்றார். கொடுத்தேன். கிளினிக் கோப்பைத் திறந்து, என் இரத்தப் பரிசோதனைத் தாள்களுக்கு நடுவிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார்.

என்னுடைய பையில். என்னுடைய கழுத்துக்குப் பின்னால் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார். ஆத்திரத்தில் அவர் கையைக் கிள்ளினேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, "பிள்ளையளுக்குச் சொல்ல வேணும். ஒரு பத்து நிமிசம்" என்றார்.

கோடு கீறி, தலைப்புப் போட்டு, எல்லாம் அறையிலேயே ஆயத்தம் செய்திருந்தார். எஞ்சின் இலக்கம். சில்லு. உருளை. கடைசிக் கட்டத்தில் இயக்கம். முதல் எஞ்சினுக்கு எழுதினார்: இயக்கம் வெளியே. இரண்டாவதற்கும் இயக்கம் வெளியே. அந்த உருண்ட, வடிவான வாத்தியார் எழுத்து, தூரத்தில் நின்றாலே வாசிக்கலாம். "அந்தச் சொல்லை வெட்டுங்கோ" என்றேன். "என்ன?" என்று காதைத் தந்தார். திரும்பச் சொன்னேன். "கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு மூன்றாவது எஞ்சினுக்குப் போனார்.

மூன்றாவது எஞ்சின் பழசு. உருளை வெளியே தெரிந்தது, சில்லை இழுக்கிற பெரிய தண்டு தெரிந்தது, ஆனால் வால்வை அசைக்கிற தண்டுகளைக் காணவில்லை. குனிந்து பார்த்தார். குந்தினார். கடைசியில் வேட்டியைக் கட்டியிருக்கிறோம் என்ற நினைப்பும் இல்லாமல் தரையில் ஒரு கையை ஊன்றி, கழுத்தைச் சில்லுக்குள் விட்டுப் பார்த்தார். எழும்பிச் சந்தோஷமாக எழுதினார்: இயக்கம் உள்ளே.

"மே மொகத்த?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. இது என்ன என்கிறான்.

இளம் பொலிஸ்காரன். தோளில் துவக்கு. எஞ்சினுக்குக் கீழே தலையை விட்ட ஒரு தமிழ் மனிதர், கையில் கொப்பி. அவன் கேட்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். கொப்பியைப் பறித்தான். சிங்களவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நான் ஒரு மூச்சு விட்டேன். அவன் விரலை அந்தக் கடைசிக் கட்டத்தில் வைத்தான்.

"இ... யக்... கம்" என்று வாசித்தான்.

பிறகு தெரிந்தது, அவன் வவுனியாவில் இரண்டு வருடம் நின்றவனாம். தமிழ் தெரியாது. ஆனால் சில சொற்களின் வடிவத்தை அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அதில் முதல் சொல் இதுதான். அவன் பக்கத்தைப் புரட்டினான். இயக்கம். அடுத்த பக்கம். இயக்கம். தலையை நிமிர்த்தி, என் கணவரைப் பார்த்து, மிகவும் மெல்லக் கேட்டான்:

"இயக்கம் கொஹெத?"

இயக்கம் எங்கே என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குக் கொழும்பில் எந்தத் தமிழனும் ஒரே பதில்தான் சொல்வான்: தெரியாது ஐயா. தெரியாது, கண்டதில்லை, கேட்டதில்லை. ஆனால் என் கணவர் வாத்தியார். எஞ்சினுக்கு முன்னால் நிற்கிறார். தமிழ் எழுத்தைக் கூட்டி வாசித்த ஒரு இளைஞன் அவரிடம் பாடத்தில் சந்தேகம் கேட்கிறான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தெரிந்த பத்துச் சிங்களச் சொல்லில் இரண்டைத் தேடிப் பிடித்து, எஞ்சினைக் காட்டி, தெளிவாகச் சொன்னார்:

"மேக்க அத்துலே, மாத்தயா."

இதற்கு உள்ளே.

நான் கத்தினேன். என் வாழ்க்கையிலேயே பெரிய கத்தல் அதுதான். ஒரு சத்தமும் வரவில்லை.

பொலிஸ்காரன் எஞ்சினைப் பார்த்தான். ஒரு அடி பின்னுக்கு வைத்தான், இன்னொரு அடி வைத்தான், துவக்கு தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டது. விசில் ஊதினான். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாசலுக்கு ஓடினார்கள். "போம்ப, போம்ப", குண்டு என்று யாரோ கத்தினார்கள். நாலு பேர் வந்து என் கணவரை முழங்காலில் இருத்தி, கையைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடி விழுந்தது. அப்போதுதான் அவருக்குத் தான் சொன்னது என்ன என்று விளங்கியது. அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். அவர் என்னைத் தேடவில்லை. தரையைப் பார்த்தார்.

எனக்குப் பக்கத்து அறைப் பெண்ணின் முகம் வந்தது. அந்தச் சோற்றுப் பார்சல் வந்தது. கொட்டாஞ்சேனைக்கு ஓட வேண்டும், தங்கையின் புருஷனுக்கு ஒரு சட்டத்தரணியைத் தெரியும், ஆனால் நான் போவதற்குள் இவரை எந்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள் என்று மனம் ஓடியது. மாங்கன்றுக்கே ஏழு மாதம். இயக்கம் உள்ளே என்று தன் கையால் எழுதி, தன் வாயாலும் சொன்னவருக்கு எத்தனை வருடம்?

இன்ஸ்பெக்டர் வந்தார். கொப்பியைப் பார்த்தார், என்னிடம் வந்தார். "கதா கரன்ன" என்றார், பேசு. கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண் கழுத்துக் கட்டில் நின்றது. இங்கிலீஷில் கேட்டார். நான் மூச்சு வாங்க வாங்க, "எஞ்சின்... டீச்சர்... ஒன்லி எஞ்சின்" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. "லவுடர்!" என்று அவர் உறுமினார். மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்த எனக்கு, வாய் வேண்டிய ஒரே ஒரு நாளில் வாய் இல்லை.

எல்லோரும் ஓடிய கொட்டகையில் ஓடாத ஆள் ஒருவர் இருந்தார். அந்த நரைத்த பாஸ். வெளியே போகச் சொல்லி இரண்டு பொலிஸ்காரர் இழுத்தும் போகாமல், சப்பாத்துக் காலோடு எஞ்சின் படியில் ஏறிய ஒருவனைச் சிங்களத்தில் ஏசிக்கொண்டு நின்றார். நேற்று அடித்த பெயின்ற் என்று ஏசினார். போம்பைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

அவரைப் பார்த்ததும் என் கை தானாக எழும்பியது.

வலக்கையை மடித்தேன். முஷ்டியை முன்னுக்குத் தள்ளினேன். முழங்கையைக் கீழால் சுற்றி, பின்னுக்கு இழுத்து, திரும்பவும் தள்ளினேன். இடக்கையால் எஞ்சினின் வயிற்றைக் காட்டினேன். உள்ளே, உள்ளே என்று காட்டினேன். வாயிலிருந்து உஸ் உஸ் என்று காற்று வந்தது. நீராவி எஞ்சினுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஐம்பது வயதுக்காரி, சேலைத் தலைப்பு விழுந்தது தெரியாமல், பொலிசுக்கு நடுவில் நின்று கையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பொலிஸ்காரன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார். நான் நிறுத்தவில்லை.

பாஸ் ஏசுவதை நிறுத்தினார். என் கையைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார்.

"மோஷன்?" என்றார்.

நான் அழுதுகொண்டே தலையை ஆட்டினேன்.

"மோஷன் எக்க!" என்று அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். கடகடவென்று சிங்களத்தில் சொன்னதில் பாதி எனக்கு விளங்கியது. இந்த எஞ்சினுக்கு மோஷன் உள்ளேதான். அந்த இரண்டுக்கும் வெளியே. எஞ்சின் தெரிந்தவன் யாரும் அப்படித்தான் எழுதுவான். இதற்கா பிள்ளைகளைத் துரத்தினீர்கள்?

இளம் பொலிஸ்காரன் விடவில்லை. சேர், இயக்கம் என்றால் கொட்டியாதான், புலிதான், வவுனியாவில் எல்லோருக்கும் தெரியும் என்றான். இரண்டு பேரும் சொன்னது சரிதான். என்னுடைய பயமும் அதுதான்.

எஞ்சினுக்குக் கீழே தண்டவாளங்களுக்கு நடுவில் ஆள் இறங்கி வேலை செய்கிற ஒரு குழி இருந்தது. நான் இறங்கிக் காட்டுகிறேன் என்று பாஸ் விளக்கை எடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிய இன்ஸ்பெக்டர், முழங்காலில் இருந்தவரைச் சுட்டினார். இவர் போகட்டும். முதலில் இவர். தனியாக.

வெடித்தால் இவரோடு போகட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். எல்லோரும் தூணுக்குப் பின்னால் போனார்கள். என்னையும் இழுத்தார்கள். பாஸ் மட்டும் பக்கத்தில் நின்று விளக்கைக் கொடுத்தார். கீழே கிடந்த மூக்குக் கண்ணாடியைத் தன் துணியால் துடைத்து அதையும் கொடுத்தார். என் கணவர் படியில் இறங்கினார். தலை மறைந்தது. சில்லுகளுக்கு இடையில் வெளிச்சம் அங்கும் இங்கும் அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை. எஞ்சினுக்குள் போம்ப் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் நான் வெடிக்கப்போகிறது என்றுதான் காத்திருந்தேன்.

பிறகு அவருடைய குரல் கேட்டது.

"இஞ்சருமப்பா! உள்ளதான்! இயக்கம் முழுக்க உள்ளதான்!"

துவக்குகள் நிமிர்ந்தன.

"நான் கீறினது சரி! இருவத்தைஞ்சு வருசமா நான் பலகையில கீறினது அச்சொட்டாச் சரி!"

அந்த நேரத்தில் அவரைக் கொன்றிருப்பேன். பொலிசுக்கு வேலை வைத்திருக்க மாட்டேன். அந்தக் குரலில் பயம் துளியும் இல்லை. மேலே துவக்கு இருப்பது, நான் இருப்பது, எல்லாம் மறந்து, வாழ்க்கையில் முதன்முதலாக அதைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபத்துக்குள் எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. கல்யாணம் கட்டி அத்தனை வருடத்தில் அப்படி வந்ததில்லை.

பாஸ் யாரையும் கேட்காமல் குழிக்குள் இறங்கிவிட்டார். கீழே இரண்டு குரல் கேட்டது. ஒன்று தமிழ், ஒன்று சிங்களம். எதையோ தட்டித் தட்டி இருவரும் தர்க்கப்பட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து வந்து, குனிந்து, எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய சட்டைக் கையில் கறுப்பாகக் கிறீஸ் பிடித்திருந்தது. அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். எங்கள் உயிர் திரும்பி வந்தது அந்தக் கிறீஸில்தான்.

ஆனால் கொப்பியை அப்படியே தர அவருக்கு மனம் வரவில்லை. கதிரை போட்டு, மேசை போட்டு, இருவரையும் கூப்பிட்டார். இயக்கம் என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் மேலே மோஷன் என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கும்படி பாஸிடம் சொன்னார். பாஸ் முணுமுணுத்துக்கொண்டு எழுதினார். பிறகு பேனையை என் கணவரிடம் நீட்டினார்.

"அந்தச் சொல்லை வெட்டுங்கள்" என்றார் இங்கிலீஷில். அதட்டவில்லை. "நீங்கள் ஒரு ஆசிரியர். இப்படி ஒரு சொல்லை ஏன் எழுதுகிறீர்கள்?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு அவர் பல வருடமாகப் பதில் வைத்திருந்தவர். என்னிடம் சொன்ன பதில், கல்லூரி அதிபரிடம் சொன்ன பதில்.

"மிஸ்டேக், சேர்" என்றார்.

கோடு நேராக வர வேண்டும் என்பதற்காக அடையாள அட்டையின் விளிம்பை வைத்து, ஒவ்வொரு இயக்கத்தையும் வெட்டினார். ஒன்றையும் தவறவிடவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் போய், தலைப்பிலிருந்ததையும் வெட்டிவிட்டு, கொப்பியைத் திருப்பிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் "ஹரி" என்றார், சரி என்று.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அவர் கையை விடவேயில்லை. நல்லதாகப் போய்விட்டது, வெட்டியது வெட்டியதுதான், இனி எழுத மாட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒளிக்க மாட்டேன். நான் பல வருடமாகக் கேட்டதை ஒரு இன்ஸ்பெக்டர் ஒரு மத்தியானத்தில் செய்து தந்திருந்தார். இவர் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் கிடந்த கை ஓடவில்லை.

ஊருக்குத் திரும்பி மூன்று கிழமையில் என் குரல் வந்துவிட்டது. கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி பழைய குரல். ஒழுங்கை முடக்கில் ஆமி சென்றி, காவல் அரண் ஒன்று, புதிதாகப் போட்டிருந்தார்கள். பின்னேரங்களில் பிள்ளைகள் எங்கள் முன் அறைக்குப் பாடம் படிக்க வருவார்கள். ஒரு நாள் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் எஞ்சின் கீறிக்கொண்டிருந்தார். சோக்குச் சத்தம் கேட்டது. தான் கொழும்பில் போய்க் கண்ணால் கண்டதைச் சொன்னார். சில்லின் உயரத்தைச் சொன்னார். குழிக்குள் இறங்கியதைச் சொன்னார். துவக்கைப் பற்றிச் சொல்லவில்லை. பிறகு பலகையில் ஏதோ எழுதினார்.

"மோஷன் எண்டால் என்ன சேர்?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. வலக்கையை மடித்து, முஷ்டியைத் தள்ளி, முழங்கையைச் சுற்றிக் காட்டினார். "இதுதான். வால்வை அசைக்கிறது."

"தமிழில என்ன சேர் எழுதிறது?"

கை பாதியில் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் பேனையை வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தார்கள்.

"அதுக்குத் தமிழில சொல் இல்லை, பிள்ளை" என்றார்.

பிள்ளைகள் குனிந்து மோஷன் என்று எழுதினார்கள். அவர் திரும்பியபோது வாசலில் நான் நின்றதைக் கண்டார். எனக்கு அந்தச் சொல் தெரியும். என் குரலும் திரும்பியிருந்தது. நான் சொல்லவில்லை.